பூட்டு மட்டும் தெளிவா விழுந்திருந்தது

எங்க பெரியம்மா அதை "ரஷ்யாக்காரன் டப்பா"ன்னுதான் சொல்லும். பெரியப்பா சென்னைத் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்தப்போ, எழுபதுகள்ல, ஒரு சோவியத் கப்பல் மாலுமிகிட்ட வாங்கின கேமரா. பேரு ஜோர்க்கி-4. ரஷ்ய மொழியில 'ஜோர்க்கி'ன்னா கூர்மையான பார்வை உள்ளவன்னு அர்த்தம். அந்தக் கூர்மையான பார்வைக்குத்தான் பார்வை கெட்டுப்போன கதை இது.

பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருசம் ஆச்சு. கேமரா தகரப்பெட்டியில, வேட்டிக்கு நடுவுல கிடந்தது. போன ஆடியில பெரியம்மா கூப்பிட்டு என் கையில குடுத்துச்சு.

"ஊரையே படம் புடிச்சாரு உங்க பெரியப்பா. கெணறு வெட்டுனது, கெடா வெட்டுனது, எவன் கல்யாணத்துக்கோ மாலை கட்டுனது எல்லாம் இருக்கு. என்னைய எடுத்தது ஒண்ணே ஒண்ணு. அதுலயும் கண்ண மூடிட்டேன். தை பொறந்தா கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறான் தம்பி. அதுக்குள்ள இதுலயே ஒண்ணு எடுத்துக் குடு சாமி."

தம்பின்னு சொன்னது அதோட மகனை. கோயமுத்தூர்ல வேலை. எண்பது வயசு ஆன அம்மாவைத் தனியா விட முடியாதுன்னு முடிவு பண்ணிட்டான். தப்பில்ல. ஆனா அந்த வீடு பூட்டப் போறாங்கங்கிறது எங்க தெருவுக்கே ஒரு மாதிரிதான் இருந்தது.

செல்போன்ல எடுத்தா ஒரு நிமிச வேலை. "இதுலயே"ன்னு பெரியம்மா சொன்னதாலதான் இவ்வளவும்.

ஃபிலிம் ஒரு ரோல் இப்ப விக்கிற விலைக்கு எங்க பக்கம் முருங்கைக்காய் பறிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டுரலாம். அதுல 36 படம். சின்ன வயசுல பெரியப்பாகிட்ட ஊட்டி ஃபிலிம் பெட்டிகளைப் பாத்திருக்கேன். உதகமண்டலத்துல 1960-ல தொடங்கின இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியோட 'இந்து' ஃபிலிம். இன்னைக்கு அந்தக் கம்பெனியும் இல்லை, பெட்டியும் இல்லை. வெளிநாட்டு ரோலை வரவழைச்சு, புரட்டாசியில ஒரு சாயங்காலம் பெரியம்மாவைத் திண்ணையில உக்கார வெச்சு எட்டுப் படம் எடுத்தேன். மிச்சத்துக்கு மக்காச்சோளம், மாடு, மழை மேகம்.

ரோலைக் கூரியர்ல அனுப்பி, படம் திரும்பி வர மூணு வாரம். வந்ததைப் பாத்தா வயல் படங்கள் எல்லாம் கண்ணைப் பறிச்சுது. திண்ணைப் படம் எட்டும் அவுட். முகம் பஞ்சு மாதிரி கரைஞ்சு கிடக்குது. ஆனா பெரியம்மாவுக்கு ரெண்டு அடி பின்னாடி, கதவுக் கொண்டியில தொங்குற மாங்காய்ப் பூட்டு இருக்கே, அதுல சாவித் துவாரம் வரைக்கும் எண்ணிறலாம்.

என் கண்ணுதான் கோளாறுன்னு முதல்ல நினைச்சேன். நாற்பது தாண்டியாச்சு, கண்ணாடி போட்டாச்சு. இந்தக் கேமராவுல ஃபிலிம் சுத்துற குமிழுக்கு அடியில ஒரு சின்ன நெம்பு இருக்கும். நம்ம கண்ணுக்கு ஏத்த மாதிரி பார்வைச் சன்னலைத் தெளிவாக்கிக்கிறதுக்கு. அதை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாத்தேன். பிம்பம் தெளிவானது. ஆனா தப்பு அங்க இல்லை.

இதை ஒரு வெயில் மத்தியானம் வேப்பமரத்தடியில உக்காந்து யோசிச்சேன். எட்டுப் படத்துலயும் பூட்டு தெளிவு. கை ஆடியிருந்தா பூட்டும் ஆடியிருக்கணும். லென்ஸ்ல பூஞ்சை இருந்தா எல்லாமே மங்கியிருக்கணும். ஒரே அளவுல, ஒரே பக்கமா, பின்னாடி தள்ளி விழுந்திருக்குன்னா கேமரா தூரத்தைத் தப்பா அளக்குதுன்னு அர்த்தம். வயல் படம் ஏன் தப்பிச்சுது? நல்ல வெயில், லென்ஸ் துளையை எஃப் 11-க்குச் சுருக்கியிருந்தேன், தூரத்தையும் கடைசிக் கோட்டுல வெச்சிருந்தேன். துளை சுருங்கினா தெளிவா விழுற ஆழம் கூடும், சின்னத் தப்பெல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். திண்ணையில வெளிச்சம் கம்மி. எஃப் 2-ல முழுசாத் திறந்து எடுத்தது. மூணு மீட்டர்ல இருக்கிற ஆளுக்கு அந்தத் துளையில தெளிவு கிடைக்கிறது முன்னும் பின்னுமா ஒரு முழம்கூட வராது. அங்க ஒளிய இடமில்லை.

தூரத்தை அளக்குற கருவிக்கு ரேஞ்ச்ஃபைண்டர்னு பேரு. பெரிய வித்தை ஒண்ணுமில்லை. கட்டைவிரலை முகத்துக்கு முன்னாடி நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்க. அடுத்து மறு கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் தாவும். பக்கத்துல வெச்சா அதிகம் தாவும், தள்ளி வெச்சா கம்மியாத் தாவும். அந்தத் தாவலை அளந்தா தூரம் கிடைச்சுரும். 1802-ல வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழு மைலுக்கு மேல அடிக்கோடு அளந்து, அதை வெச்சு முக்கோணம் முக்கோணமா இந்தியாவை அளக்கத் தொடங்கினாரே, அதே கணக்குதான். இவருக்கு அடிக்கோடு மைல் கணக்குல. ஜோர்க்கிக்கு 38 மில்லிமீட்டர். ரெண்டு சன்னலுக்கும் நடுவுல உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

அந்த ரெண்டு சன்னல் வழியா வர்ற ரெண்டு பிம்பமும் உள்ள ஒண்ணு மேல ஒண்ணு விழும். லென்ஸைத் திருகத் திருக, ஒரு சின்ன நெம்புகோல் லென்ஸோட பின்பக்கத்தைத் தொட்டுக்கிட்டே நகர்ந்து ரெண்டாவது பிம்பத்தை நகர்த்தும். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தா ஃபோகஸ் சரி. லென்ஸோட சேர்த்தே இந்த அளவுகோலை உள்ளேயே வெச்சு லைகா 1932-ல கொண்டுவந்தாங்க. அதைப் பாத்து 1934-ல கார்கிவ் நகரத்துல ஃபெட் வந்தது. மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில 1948-ல ஜோர்க்கி தொடங்குச்சு. ஜோர்க்கி-4 மட்டும் 1956-லேர்ந்து 1973 வரைக்கும் பதினேழு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளியிருக்காங்க. எங்க கேமரா நம்பர் 66-னு ஆரம்பிக்குது. அந்த முதல் ரெண்டு இலக்கம்தான் செஞ்ச வருசம்.

குற்றவாளி ரேஞ்ச்ஃபைண்டர்தானா, லென்ஸான்னு முதல்ல உறுதி பண்ணணும். இல்லாட்டி நோயில்லாத இடத்துல மருந்தடிச்ச கதை ஆயிரும். ஜோர்க்கியோட முதுகு முழுசாக் கழண்டு வந்துரும், அது வசதி. மகளோட டிரேசிங் பேப்பர்ல ஒரு துண்டு வெட்டி, ஃபிலிம் உக்கார்ற தண்டவாளத்துல சுருக்கமில்லாம இழுத்து ஒட்டினேன். ஷட்டரை 'பி'-ல வெச்சு, மகளைப் பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கச் சொன்னேன். லென்ஸ் எஃப் 2, தூரம் முடிவிலிக் கோடு. எங்க தோட்டத்துலேர்ந்து கிழக்கே திண்டுக்கல் மலைக்கோட்டை பேருக்கு ஏத்தாப்ல திண்டு மாதிரி கிடக்கும். ஆனா வெயில் புழுதியில அதோட ஓரம் கரைஞ்சு தெரியும், அளவெடுக்க ஆகாது. ஒன்றரைக் கிலோமீட்டர்ல இருக்கிற செல்போன் டவரைக் குறி வெச்சோம். காகிதத்துல டவர் தலைகீழா விழுந்துச்சு. இலைப்பேன் பாக்குறதுக்கு வெச்சிருக்கிற கை லென்ஸை வெச்சுப் பாத்தேன். கம்பிக்குக் கம்பி தெளிவு.

"அப்பா, டவர் தலைகீழா தொங்குதுப்பா!"

"தொங்கட்டும். நீ கைய எடுத்துராத."

லென்ஸ் நிரபராதி. அடுத்து பார்வைச் சன்னல்ல கண்ணை வெச்சா, அதே முடிவிலியில, டவருக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட ஒரு டவர் அகலம் தள்ளி இன்னொரு பேய் டவர் நின்னுச்சு. கொஞ்சம் மேல ஏறியும் நின்னுச்சு. ஆக, கோளாறு ரெண்டு. பக்கவாட்டுல ஒண்ணு, மேலுங்கீழுமா ஒண்ணு.

ரெண்டுக்கும் மருந்து வெளியவே இருக்கு, மேல்மூடியைக் கழட்ட வேண்டியதில்லை. முகப்புல சின்ன வட்டச் சன்னலுக்குப் பக்கத்துல நெத்திப்பொட்டு மாதிரி ஒரு திருகாணி. அது சும்மா மூடி. அதைக் கழட்டினா குழிக்குள்ள இன்னொரு திருகாணி இருக்கும். அதுதான் பக்கவாட்டைச் சரிபண்றது. வட்டச் சன்னலோட விளிம்பு வளையத்தைக் கழட்டினா உள்ள இருக்கிற கண்ணாடி வில்லையைச் சுத்தலாம், அது மேலுங்கீழும். வில்லையைச் சுத்தினா பிம்பம் வட்டமடிக்கும், பக்கவாட்டும் கொஞ்சம் கலையும். அதனால முதல்ல மேலுங்கீழும், அப்புறம்தான் பக்கவாட்டு.

படிக்க எளிசாத்தான் இருக்கு. நெத்திப்பொட்டைக் கழட்டின உடனே அது துள்ளி வாசல்ல விழுந்துச்சு. நெல்லுல பாதிகூட இருக்காது. சாணி தெளிச்ச மண் வாசல். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துட்டு வந்து அரை மணி நேரம் தடவினேன். குண்டூசி வந்துச்சு, லாடத்து ஆணி வந்துச்சு, அது வரலை. பித்தளை காந்தத்துக்கு வராதுன்னு அப்பத்தான் புத்திக்கு எட்டுச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசலை. விளக்குமாத்தால அந்த இடத்துப் புழுதியை எல்லாம் கூட்டி அள்ளி, சுளகுல போட்டு நாலு புடை புடைச்சாங்க. புழுதி பறந்து, கல்லு ஒதுங்கி, திருகாணி நுனியில வந்து நின்னுச்சு.

"இதுக்கும் ஏதாச்சும் இங்கிலீஷ் பேரு இருக்கா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைலேர்ந்து தாம்பாளத்துல வெள்ளைத் துணி விரிச்சு, அதுக்கு மேல வெச்சுத்தான் எதையும் கழட்டுறது.

அடுத்த சிக்கல் திருப்புளி. குழி ஒடுக்கம், ஆழம். கடிகாரத் திருப்புளி செட்டுல ஒல்லியானது நீளம் பத்தலை, நீளமானது நுழையலை. பலவந்தமா நுழைச்சு ஒரு திருகு திருகினேன். பள்ளத்தோட ஓரம் லேசாச் சிதைஞ்சது. அந்த நிமிசம் கைய எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு தடவை வழுக்கியிருந்தா அந்தத் திருகாணி செத்திருக்கும். அதோட பெரியம்மாவோட படமும்.

திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு இதுக்குக் கவலைப்படலாமான்னு அப்புறம்தான் தோணுச்சு. பூட்டுக்குப் பேர்போன ஊரு. 2019-ல புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சு. டவுனுக்கு உரம் வாங்கப் போன அன்னைக்கு, கையாலயே பூட்டு செய்யுற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். பட்டறைன்னு பேரு, வீட்டுத் திண்ணைதான். பிடிசிராவி, நாலஞ்சு அரம், ஒரு பல்லு போன சுத்தியல். முன்னாடி இதே தெருவுல வீட்டுக்கு வீடு அரம் சத்தம் கேக்குமாம். இப்ப அவரோட சேர்த்து ரெண்டு பேரு.

கேமராவைக் கையில வாங்கி, குழிக்குள்ள ஊதி, வெளிச்சத்துக்கு நேரா வெச்சுப் பாத்தாரு.

"யாரு தம்பி இதுல கை வெச்சது?"

"நான்தாங்கய்யா."

"தெரியுது."

சைக்கிள் போக்ஸ் கம்பி ஒண்ணை எடுத்து நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அரத்தால தேய்ச்சாரு. தேய்க்குறது, குழியில வெச்சுப் பாக்குறது, மறுபடி தேய்க்குறது. பத்து நிமிசம். பள்ளத்துல கம்பி உக்காந்தப்போ ஆட்டமே இல்லை.

"திருப்புளி பள்ளத்துக்குத் தகுந்தாப்ல இருக்கணும் தம்பி. பள்ளம் திருப்புளிக்குத் தகுந்தாப்ல இருக்காது. பூட்டுல அரம் ஒரு இழுப்பு கூடிப்போச்சுன்னா அந்தச் சாவி குப்பைக்கு. திருகும்போது கால் சுத்துக்கும் கம்மியாத் திருகு. திருகிட்டு ஒரு தடவை மூச்சு விட்டுட்டுப் பாரு."

இருபது ரூபாய் கேட்டாரு. அம்பது குடுத்தேன், முப்பதைத் திருப்பிக் குடுத்துட்டாரு. கிளம்புறப்போ கேமராவை ஒரு தடவை கண்ணுல வெச்சு எதிர்வீட்டுக் கதவைப் பாத்தாரு. "ரெண்டாத் தெரியுதே"ன்னாரு. "அதைத்தாங்கய்யா ஒண்ணாக்கணும்"னேன்.

கார்த்திகை மாசம். பகல்ல முயற்சி பண்ணினப்போ வெயில் அலையில டவர் ஓரம் நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சேர்ந்துச்சான்னு நிச்சயமாச் சொல்ல முடியலை. சாயங்காலம் மோட்டாரை நிறுத்திட்டு வர்றப்போ டவர் உச்சியில செவப்பு விளக்கு எரிஞ்சுது. அடடா, இதைவிட என்ன குறி வேணும்? இருட்டுல ஒரே ஒரு புள்ளி.

தொட்டி மேட்டுல ரெண்டு செங்கல் வெச்சு, அதுக்கு மேல மணல் நிரப்பின துணிப்பையைப் போட்டு, கேமராவை அதுல அமுக்கி உக்கார வெச்சேன். லென்ஸ் முடிவிலியில. கண்ணை வெச்சா ரெண்டு செவப்புப் புள்ளி. ஒண்ணு பிரகாசமா, ஒண்ணு மங்கலா, மேல ஏறி. மகள் டார்ச் பிடிச்சா. வளையத்தைக் கழட்டி, வில்லையை நகத்தாலயே ஒரு மயிரிழை சுத்தினேன். மங்கல் புள்ளி இறங்குச்சு. கூடவே பக்கவாட்டுல இன்னும் தள்ளிப் போச்சு. போகட்டும். ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வளையத்தைப் போட்டேன். போட்டு இறுக்கினதுல வில்லை லேசாக் கலைஞ்சுருச்சு. மறுபடி கழட்டி, இறுக்கினா எவ்வளவு கலையுமோ அவ்வளவு முன்கூட்டியே விட்டு வெச்சு, மறுபடி இறுக்கினேன். மூணாவது தடவை நின்னுச்சு.

அப்புறம் பெரியவர் குடுத்த கம்பி. கால் சுத்துக்கும் கம்மி. புள்ளி எதிர்ப்பக்கம் ஓடுச்சு. திருப்பிச் சுத்தினேன். மூச்சு விட்டேன். பாத்தேன். இன்னும் கொஞ்சம். மூச்சு. ரெண்டு புள்ளியும் நெருங்கி, ஒட்டி, கோவைப்பழம் மாதிரி ஒண்ணா ஆச்சு.

"ஒண்ணாயிருச்சா?"ன்னு மகள் கேட்டா. தள்ளி உக்காந்து அவளைப் பாக்கச் சொன்னேன். "ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கப்பா போச்சு?"

முடிவிலியில சரியா இருந்தாப் போதாது, கிட்டத்துலயும் பாக்கணும். மறுநாள் காலையில சுவத்துல காலண்டரை மாட்டி, கேமராவுல ஃபிலிம் இருக்குற இடத்துலேர்ந்து டேப் பிடிச்சு ஒரு மீட்டர், மூணு மீட்டர் அளந்து கோடு போட்டேன். லென்ஸ்லேர்ந்து அளக்கக் கூடாது, ஃபிலிம்லேர்ந்து அளக்கணும். மூணு மீட்டர்ல தேதி எண் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உக்காந்துச்சு. ஒரு மீட்டர்ல ஒரு இழை முன்னப்பின்ன. அதைச் சரிபண்ண உள்ள இருக்கிற நெம்புகோல் நுனியையே திருப்பணும். கை பரபரத்துச்சு. ஆனா திண்ணை மூணு மீட்டர்தானே? கம்பியைத் துடைச்சு வெச்சுட்டேன்.

மார்கழியில ரெண்டாவது ரோல். பெரியம்மா அதே இடத்துல உக்காந்துச்சு. இந்தத் தடவை தலைக்கு எண்ணெய் வெச்சு, சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை. நான் கண்ணுல வெச்சு அதோட மூக்குத்தியைக் குறி பார்த்தேன். ரெண்டு மூக்குத்தி தெரிஞ்சுது. லென்ஸைத் திருகினேன். ஒண்ணாச்சு.

"பெரிம்மா, கண்ண மூடிராதீங்க."

"அவரும் இதேதான் சொன்னாரு"ன்னுச்சு. சொல்லிட்டு லேசாச் சிரிச்சுச்சு. அப்ப அமுக்கினேன்.

படம் வர்றதுக்கும் பொங்கல் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. எட்டுல ரெண்டு கை ஆட்டம், ஒண்ணுல கண்ணு மூடியிருந்துச்சு, அது யாராலயும் திருத்த முடியாது. மிச்சம் அஞ்சுலயும் முகத்துச் சுருக்கம் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. பெரியம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய் ரொம்ப நேரம் பாத்துச்சு.

"நான் நல்லாத்தான் இருக்கேன். பூட்டு மங்கிப்போச்சேப்பா?"

"பூட்டு மங்கினாத்தான் பெரிம்மா சரி."

காணும் பொங்கலுக்கு மறுநாள் காருல ஏத்தி அனுப்பி வெச்சோம். படத்தை மடியில வெச்சுக்கிட்டுத்தான் போச்சு. கதவைச் சாத்தி அதே மாங்காய்ப் பூட்டைப் போட்டது தம்பி. சாவியை என்கிட்ட குடுத்துட்டான். விளக்கு வைக்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய்த் திறக்குறேன். சாவி திருகும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்குது. அடுத்த தடவை டவுனுக்குப் போறப்போ கழட்டி எடுத்துட்டுப் போய் அந்தப் பெரியவர்கிட்ட காட்டணும்.